குறட்டைக்கு ஒரு சாட்சி

யாழ்ப்பாணத்தில் நித்திரையைப் பற்றி முறைப்பாடு சொன்னால் இரண்டு பதில்தான் கிடைக்கும். நித்திரை வரேல்ல எண்டு சொன்னால், "போனை நோண்டுறதை விட்டிட்டுப் படு" என்பார்கள். நித்திரை கூடிப்போச்சு எண்டு சொன்னால், "மூதேவி பிடிச்சிட்டுது" என்பார்கள். வள்ளுவரும் விடவில்லை. 'மடி இன்மை' அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நாலு மரக்கலங்களில் ஒன்றாக நித்திரையையும் சேர்த்திருக்கிறார். கும்பகர்ணன் கதை எல்லாருக்கும் தெரியும். இந்திராசனம் கேட்க வாயெடுத்தவன் நாக்குப் புரண்டு நித்திராசனம் கேட்டுவிட்டானாம். அவனுடைய குறட்டையை நினைத்துச் சிரிக்கத்தான் எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். அந்தாளுக்கு மூச்சு அடைக்குதோ எண்டு கதையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருடம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறோம். கடந்த ஒரு வருடமாக எங்கள் அறையில் அதிகம் பேசப்பட்ட விசயம் பரீட்சையும் இல்லை, காதலும் இல்லை. எங்களில் ஒருத்தியின் அம்மாவின் நித்திரை. இதை எழுதச் சொன்னதும் அந்த அம்மாதான். "பேரும் ஊரும் போடாதேங்கோ பிள்ளையள், மிச்சமெல்லாம் எழுதுங்கோ" எண்டு சொன்னா. வடமராட்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவவை ரீச்சர் எண்டே கூப்பிடுவோம்.

ரீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் கட்டாரில், மூத்த மகன் பிரான்சில், மகள் எங்களோடு. வீட்டில் அவவும் ஒரு நாயும். பிறசருக்கு மூன்று விதமான குளிசை போட்டும் பிறசர் இறங்கவில்லை. விடிய எழும்பினால் தலையிடி. பின்னேரம் பாடம் முடிந்து ஆசிரியர் கூட்டத்தில் இருந்தால் கண் சொருகும். ஒருநாள் ஸ்கூட்டியில் வரும்போது ஒரு செக்கன் கண் மூடித் திறக்க, வீதிக் கரை மணலுக்குள் நின்றாவாம். "வெயில்" எண்டு அதற்குக் காரணம் சொன்னா. இரத்தம் குறைவு, தைரொயிட், மாதவிடாய் நிக்கிற வயசு, தனிமை, யோசினை என்று ஊரில் எல்லாரும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார்கள். மகள் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் வந்து நிக்கட்டோ எண்டு அறையில் எங்களிடம் இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை, பையை அடுக்கத் தொடங்கினாள்.

திருப்பம் பிறசர் கிளினிக்கில் வந்தது. வழமையான டொக்டர் லீவு. பதிலுக்கு நின்ற இளம் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"ரீச்சர், குறட்டை விடுவீங்களோ?"

"இல்லை."

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப இல்லையெண்டு ஆர் சொன்னது?"

இந்த நாலு வரியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். வேறெந்த வருத்தத்திலும் வருத்தக்காரர்தான் முதற் சாட்சி. வயிறு நோகுது, கால் வீங்குது எண்டு அவரே சொல்லலாம். நித்திரையில் நடப்பதை நித்திரை கொள்கிறவர் காண்பதில்லை. பக்கத்தில் படுக்கிற ஆள்தான் காண்கிறார். ஆகவே நித்திரை மருத்துவர்கள், வருபவரோடு கூட வந்தவரையும் இருத்தி விசாரிப்பது வழக்கம். எங்கட ஊரிலோ பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில். பெரிய பெரிய வீடுகளில் ஒருவர் தனியே படுத்து எழும்புகிறார். ஆறு அறை வீட்டில் குறட்டைக்குச் சாட்சி நாய் மட்டும்தான்.

சாட்சி தேடி நாங்களே போனோம். புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் திருவிழாவைச் சாட்டி நாலு பேரும் ரீச்சர் வீட்டில் நின்றோம். முதல் இரவு ரீச்சர் படுக்கவேயில்லை. எங்களுக்குப் பாய் விரித்து, நுளம்புவலை கட்டி, பிறகு கொப்பி திருத்துகிறேன் எண்டு மேசையில் இருந்தா. இரண்டாம் இரவும் அப்படித்தான். ஆனால் சாமம் இரண்டு மணிபோல விறாந்தைக் கதிரையில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டா. மகள் போனில் பதிவு செய்தாள். குறட்டைச் சத்தம் எங்களைப் பயப்படுத்தவில்லை. அது நிற்கிற இடம்தான் பயப்படுத்தியது. நல்ல சத்தமாக ஏறி ஏறிப் போய் சட்டென்று ஒன்றுமில்லை. நெஞ்சு மட்டும் எழும்பி எழும்பி விழுகிறது, காற்றுப் போகவில்லை. இருட்டுக்குள் விரல் மடித்து எண்ணினோம். இருபத்தாறு. பிறகு மூச்சுத் திணறி, தலை ஒரு உதறு உதறி, திரும்பவும் குறட்டை. கொஞ்ச நேரத்தில் முப்பத்தொன்று.

இதற்கு மருத்துவத்தில் தடை மூச்சின்மை எண்டு பேர். ஸ்லீப் அப்னியா என்றால் கூடுதலான ஆட்களுக்கு விளங்கும். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்குத் தளர்கிற அளவில் வழியே மூடிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்க, மூளை பதறி அரைவாசி எழுப்பிவிடுகிறது. தசை இறுகி வழி திறக்கிறது. எழும்பினது அந்த ஆளுக்கு நினைவிலேயே இருக்காது. பத்துச் செக்கனுக்கு மேல் மூச்சு நின்றால் ஒன்று எண்டு கணக்கு. மணித்தியாலத்துக்கு ஐந்துக்குள் என்றால் பிரச்சினையில்லை, முப்பதைத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு முறையும் இருதயம் பதறுவதால்தான் மருந்துக்கு அடங்காத பிறசரும் வருகிறது. எட்டு மணித்தியாலம் படுத்தவர் களைச்சுப்போய் எழும்புவதும் இதனால்தான்.

ஆம்பிளை குறட்டை விட்டால் பகிடி. பொம்பிளை குறட்டை விட்டால் வெட்கக்கேடு. இது ரீச்சருக்கு எப்போது தெரிந்தது என்பது பிறகு வெளியில் வந்தது. 95 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவவின் வீட்டுக்கும் சொந்தக்காரர் வந்து நிறைந்தார்கள். கூடத்தில் பெண்கள் வரிசையாகப் படுக்கை. ஒரு விடியற்காலை யாரோ ஒரு மாமி, "இரவு முழுக்க ஆரடி பிள்ளை மரம் அரிஞ்சது?" எண்டு கேட்க எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ரீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு. அன்றிலிருந்து கலியாண வீடோ, செத்த வீடோ, கதிர்காம யாத்திரையோ, வெளியில் எங்கும் அவ படுத்ததில்லை. விடிய விடியச் சுவரோடு சாய்ந்து இருப்பா. "பாவம், எல்லா வேலையும் முழிச்சிருந்து செய்யுது" எண்டு ஊரில் நல்ல பேர்.

மருத்துவர்களும் பெண்களை இதில் தவறவிடுவதுண்டு. ஆண்கள் குறட்டை எண்டு வருகிறார்கள், அல்லது மனைவி இழுத்துக்கொண்டு வருகிறா. பெண்கள் களைப்பு, தலையிடி, நித்திரை முறியுது, மனம் சரியில்லை எண்டு வருகிறார்கள். குறட்டையை அவர்கள் சொல்வதில்லை, இவர்கள் கேட்பதுமில்லை. மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் பெண்களிலும் கூடுகிறது. மொத்தமான ஆட்களுக்குத்தான் வரும் என்பதும் சரியில்லை. எங்கட ஆசிய முகங்களில் தாடையும் தொண்டையும் அமைந்திருக்கிற விதத்தால் மெல்லிய ஆட்களுக்கும் வருகிறது.

பதிவைக் கேட்ட டொக்டர் கொழும்பில் நித்திரை மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் தந்தார். போக முன்னம் நிரப்பச் சொல்லி ஒரு தாளும். எப்வேர்த் அளவுகோல் எண்டு அதற்குப் பேர். மெல்பேர்ணில் மரே ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டது. எட்டுச் சந்தர்ப்பங்களில் கண் சொருகுமா எண்டு கேட்டு 0 முதல் 3 வரை புள்ளி போடவேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் நித்திரை அளவுக்கு மிஞ்சிப்போச்சு எண்டு அர்த்தம். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் சிறப்புக் கலை படிக்கிற நாங்கள் எதற்கு இருக்கிறோம்? ரீச்சருக்காக மொழிபெயர்த்தோம். "ஒரு மணித்தியாலம் காரில் பயணியாக" என்பதை "யாழ்ப்பாணத்தில இருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில இருக்கேக்க" ஆக்கினோம். "பொது இடத்தில் சும்மா இருக்கும்போது" என்பது "கோயில்ல பிரசங்கம் கேக்கேக்க" ஆனது. (பிரசங்கத்துக்கு ஊரே 3 போடும், அது நோயில்லை என்பது எங்களில் ஒருத்தியின் ஆட்சேபம்.) "மதுபானம் அருந்தாத மதிய உணவுக்குப் பிறகு" என்ற கேள்வியை வாசித்த ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்த பார்வை மறக்காது. மொத்தம் 17 வந்தது.

யாழ்தேவியில் போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார்கள். அந்த நித்திரை மருத்துவர் முதல் சந்திப்பில் நாற்பது நிமிடம் எடுத்தாராம். அதில் முப்பது நிமிடம் கேள்விதான். எத்தனை மணிக்குப் படுப்பீங்கள், எத்தனைக்கு லைற் நூப்பீங்கள், நித்திரை வர எவ்வளவு நேரம், எத்தனை தரம் முழிப்பு, ஒண்டுக்குப் போக எழும்பிறதோ, கால் உளைஞ்சு ஆட்டவேணும் போல இருக்குமோ, கனவு என்ன, தேத்தண்ணி எத்தனை. பிறகு கழுத்தை நாடாவால் அளந்து, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். "முப்பது வருசமா டொக்டர்மாரிட்டப் போறன், நான் எப்பிடிப் படுக்கிறனான் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை" எண்டு ரீச்சர் மகளிடம் சொல்லியிருக்கிறா.

பரிசோதனை இரவில். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள், ஏனென்றால் மண்டையில் ஒட்டுகிற வயர் எண்ணெயில் வழுக்கிவிடும். ரீச்சருக்கு அதுதான் பெரிய கஷ்டம். எண்ணெய் வைக்காத தலையோடு வெளியில் இறங்கியதில்லை. மண்டையில் மூளை அலைக்கு, கண்ணோரத்தில் கண் அசைவுக்கு, நாடியில் தசைக்கு, மூக்கடியில் காற்றுக்கு, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, காலில் வயர், விரலில் ஒட்சிசன் கிளிப். இவ்வளவையும் பூட்டிக்கொண்டு நித்திரை கொள்ளச் சொல்வது பகிடிபோல இருக்கும். ஆனால் ஆட்கள் கொள்கிறார்கள். கண்ணோர வயருக்கு ஒரு கதை உண்டு. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் சின்ன மகனின் கண்ணோரத்தில் இப்படி வயர் ஒட்டி, இரவிரவாகக் கடுதாசியில் கோடு கீறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்திரைக்கு நடுவில் கண் வேகமாக அங்கும் இங்கும் ஓடுகிற நேரம் உண்டு என்பதை அவரும் பேராசிரியர் கிளெயிற்மனும் 1953இல் வெளியிட்டார்கள். கனவு அதிகம் வருகிற நேரம் அது. உடம்புத் தசைகள் முழுக்கச் சோர்ந்து கிடக்கிற நேரமும் அதுதான். ரீச்சரின் மூச்சு மிக நீளமாக நின்றதும் அந்த நேரத்தில்தான்.

மணித்தியாலத்துக்கு 38. ஒட்சிசன் 74க்கு இறங்கியிருந்தது.

ஆனால் தாளில் இன்னொரு விசயமும் இருந்தது. மூச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடங்களிலும் ரீச்சர் முழித்திருந்தா. விடியப்புறம் இரண்டரைக்குப் பிறகு நித்திரையே இல்லை. எப்போதிருந்து இப்படி எண்டு டொக்டர் கேட்க, "87இல இருந்து" எண்டு பதில் வந்தது. மகள் அன்றுதான் முதல் தரம் கேட்கிறாள். 1987 மே, வடமராட்சியில் ஒப்பரேசன் லிபரேசன் நடந்தபோது ரீச்சருக்குப் பதினாலு வயது. பங்கருக்குள் எல்லாரும் படுக்க, செல் குத்துகிற சத்தம் கேட்டால் எழுப்ப ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும். அவவின் முறை விடியப்புறம்.

நித்திரை வரவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது எண்டு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் விசாரித்தவர்கள் உளமருத்துவர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம், 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவர், மருத்துவர் சிவயோகனோடு சேர்ந்து 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், யாழ்ப்பாணத்துப் பொதுமக்களில் 27 வீதமானவர்களிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைக் கண்டார். யுத்தம் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த இன்னொரு ஆய்வில் அது 7 வீதம். ஆனால் பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. முறிகிற நித்திரை இந்த மூன்று நோய்களின் குறிகளிலும் இருக்கிறது. தயா சோமசுந்தரம் மருந்தை மட்டும் நம்பவில்லை. மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்தில் பழகிய ஜெபம் ஆகியவற்றையே தளர்வுப் பயிற்சியாகக் கொடுத்தார். எங்களுக்கு அது மூடநம்பிக்கைக்கு இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை. ஓம் சொல்லிப் பழகின வாய்க்கு அதுதான் ஓடும்.

ஆக ரீச்சருக்கு இரண்டு வருத்தம். ஒன்றுக்கு மெசின். மற்றதற்கு மெசின் இல்லை.

அந்த மற்றதற்கு எங்கட ஆட்கள் முதலில் தேடுவது நித்திரைக் குளிசை. தெரிந்த பாமசியில் கேட்டால் கிடைக்கும் என்பது பகிரங்க இரகசியம். ஒரு கிழமைக்கு எண்டு தொடங்கி இருபது வருடம் போட்டவர்களை எங்கள் எல்லார் வீட்டிலும் காட்டலாம். பழகிவிடும், வயது போனவர்களைத் தடுக்கி விழுத்தும், அப்னியா இருப்பவருக்குத் தொண்டையை இன்னும் தளர்த்தக்கூடும். (போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்தவேண்டாம். அது வேறு ஆபத்து. டொக்டரோடு கதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேணும்.) அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது குளிசையை அல்ல, அறிகை நடத்தைச் சிகிச்சையை. பெயர்தான் பயமுறுத்தும். விசயம் இதுதான்: இரண்டு கிழமை நித்திரைக் குறிப்பு எழுது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்பு. நித்திரை வராமல் இருபது நிமிடம்போலப் புரண்டால் எழும்பி வேறிடத்தில் போய் இரு, நித்திரை வந்தால் மட்டும் திரும்பி வா. படுக்கை படுக்க மட்டும்.

கடைசி விதிக்கு எங்கள் அறையில் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் நாலு பேருக்கும் கட்டில்தான் படிக்கிற மேசை, சாப்பாட்டு மேசை, உடுப்பு அலுமாரி, அழுகிற இடம். எழும்பி வேறிடம் போவதென்றால் மாமரத்தடிக்குத்தான் போகவேணும், அங்க வீட்டுக்காரியின்ர நாய். இருந்தாலும் இரவு ஒன்பது மணிப் பிளேன்ரீயை நிறுத்திப் பார்த்தோம். கோப்பிக்கும் தேத்தண்ணிக்கும் உள்ள கஃபீன் உடம்பில் அரைவாசியாகக் குறையவே ஐந்து மணித்தியாலமளவு எடுக்கும். இரண்டு பேருக்கு வித்தியாசம் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் அசைன்மென்ற் முடியட்டும் எண்டு சொல்கிறார்கள்.

ரீச்சருக்குச் சொன்னது இன்னும் விசித்திரம்: படுக்கிற நேரத்தைக் குறையுங்கோ. பத்து மணிக்குப் படுத்து இரண்டரையிலிருந்து விடியும்வரை முழித்துக் கிடப்பதை விட, பிந்திப் படுத்து ஒரேயடியாகக் கொள்கிறதாம். அப்னியா இருப்பதால் மெசின் பழகின பிறகுதான் இதைத் தொடங்கவேணும், கண் சொருகுகிற நாளில் ஸ்கூட்டியைத் தொடக்கூடாது எண்டும் கட்டளை. விடியப்புறம் முழிப்பு வந்தால் செய்ய ஒரு வேலையும் கொடுத்தார். எழும்பிக் கதவுகளை ஒருதரம் பார்த்துவிட்டு வந்து, "என்ர முறை முடிஞ்சுது" எண்டு வாய்விட்டுச் சொல்லவேணும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியாது. ரீச்சர் செய்கிறா.

மெசினைப் பற்றியும் சொல்லவேணும். முகமூடி வழியாகக் காற்றை விடாமல் தள்ளி, அந்த அழுத்தத்தால் தொண்டை மூடாமல் வைத்திருக்கும் சீபாப். சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் இதை வெளியிட்டார். ஆரம்ப மெசின்களில் ஓடினது தூசி உறிஞ்சும் மெசினின் மோட்டார், உறிஞ்சாமல் ஊதவைத்தது. யாழ்ப்பாணத்துக்கு இது பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சூட்கேசில் வருகிறது. ரொறன்ரோ மாமா முகத்தில் குழாயோடு படுத்திருக்க, பிள்ளையார் வந்திருக்கிறார் எண்டு சின்னன்கள் சுற்றி நின்றதை எங்களில் ஒருத்தி கண்டிருக்கிறாள். திரும்பிப் போகும்போது பழைய மெசினை "நீங்கள் பாவியுங்கோ" எண்டு விட்டுப் போகிற மாமாமாரும் உண்டு. அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. பரிசோதிக்காமல் இன்னொருவரின் மெசினைப் பூட்டுவது இன்னொருவரின் கண்ணாடியைப் போடுவது மாதிரி. 2021இல் ஒரு பெரிய நிறுவனம், உள்ளே இருக்கிற பஞ்சு சிதைகிறதென்று இலட்சக்கணக்கான மெசின்களைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட ஒன்று எந்த வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறதோ.

ஒன்ராறியோவில் மெசின் விலையில் 75 வீதத்தை மாகாண அரசு கொடுக்கிறது. ரீச்சருக்கு அது நாலு மாதச் சம்பளம். பிரான்சிலிருந்து மகன் அனுப்பினான். எல்லாருக்கும் ஒரு மகன் அனுப்பமாட்டான். கடுமையில்லாதவர்களுக்குச் சரிந்து படுப்பது, எடை குறைப்பது, தாடையை முன்தள்ளி வைக்கிற பல்கவசம் எண்டு வேறு வழிகளும் உண்டு. 38க்கு அவை போதாது எண்டு டொக்டர் சொல்லிவிட்டார்.

முதல் கிழமை மூக்குக் காய்ந்து, முகமூடி அழுத்திக் கன்னத்தில் தழும்பு. மூன்றாம் கிழமை ஒரு விடிய மகளுக்குப் போன் வந்தது. தலையிடி இல்லையாம். அவ்வளவுதான் சொன்னா. மகள் அடுக்கின பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். இப்போது பிறசர்க் குளிசை மூன்றில் ஒன்றைக் கிளினிக்கில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மெசினுக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. எந்த இரவு எத்தனை மணித்தியாலம் போட்டது எண்டு அதில் பதியும். போன மாதம் கொழும்பு டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இந்த மூண்டு நாள் பூச்சியம். என்ன நடந்தது?" எண்டு கேட்டிருக்கிறார். பெறாமகளின் கலியாண வீடு. மூன்று இரவும் சுவரோடு சாய்ந்தே இருந்திருக்கிறா. "கொண்டுபோய் எல்லாற்ற முன்னால போடுங்கோ ரீச்சர்" எண்டாராம் டொக்டர். அடுத்த மாதம் உடுப்பிட்டியில் ஒரு சாமத்தியவீடு. மெசினைக் கொண்டுபோகத் தோளில் போடுகிற ஒரு பையை மகள் யாழ்ப்பாணம் ரவுணில் தேடி வாங்கியிருக்கிறாள், மெசின் பை எண்டு ஆருக்கும் தெரியாத மாதிரியான ஒன்று. அது இப்ப ரீச்சர் வீட்டுக் கதவடியில் ஆணியில் தொங்குகிறது.